வாண்டேல் ராபின்சனா, அலெக் பியர்ஸா? பொசெஷன் ரிசீவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்

2025 ஆகஸ்ட் 20
வாசகர் கேள்வி (அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களை டிராஃப்ட்டில், அதாவது முறை வைத்து, ஆளாளுக்குத் தேர்ந்தெடுத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுப்பதைப் புள்ளியாக எண்ணும் ஃபேன்டஸி லீக் பற்றி): "12 பேர் ஆடும் ஆபீஸ் ஃபேன்டஸி லீக். நான் போன வருஷம்தான் சேர்ந்தேன். டிராஃப்ட்டின் பின்பாதியில் பாஸ் பிடிக்கும் வைடு ரிசீவர் ஒருவரை எடுக்க வேண்டும். ஜயன்ட்ஸ் அணியின் வாண்டேல் ராபின்சன் 2024 சீசனில் 93 கேட்ச். கோல்ட்ஸ் அணியின் அலெக் பியர்ஸ் வெறும் 37. ஆனால் பக்கத்து சீட் நண்பர் பியர்ஸை எடு என்கிறார். 93 எங்கே, 37 எங்கே? நல்ல ஆளை அவரே எடுத்துக்கொள்ள இப்படிச் சொல்கிறாரோ?"

2025 ஆகஸ்ட் 20, இரவு
உங்கள் லீக்கில் ஒரு கேட்சுக்கு எத்தனை புள்ளி? அதைச் சொல்லாமல் இதற்குப் பதிலே இல்லை.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு (எதிரணிப் பக்கக் கடைசியில் இருக்கும் எண்ட் ஜோனில் பந்தைச் சேர்த்தால்) 6. இது எல்லா லீக்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்சுக்கு மட்டும் ஸ்டாண்டர்டு லீக்கில் சுழி, ஹாஃப் பிபிஆரில் (பிபிஆர் என்றால் கேட்சுக்குப் புள்ளி) 0.5, முழு பிபிஆரில் 1.

2024இல் ராபின்சன் 93 கேட்ச், 699 யார்டு, 3 டச்டவுன். பியர்ஸ் 37 கேட்ச், 824 யார்டு, 7 டச்டவுன். முழு பிபிஆரில் ராபின்சனுக்கு 180.9, பியர்ஸுக்கு 161.4. ஸ்டாண்டர்டில் ராபின்சன் 87.9தான், பியர்ஸ் 124.4. ஹாஃபில் 134.4க்கு எதிராக 142.9, அதாவது பியர்ஸ் கொஞ்சம் முன்னால்.

ஆள் அதேதான், ஆடிய ஆட்டமும் அதேதான். விதிப் பக்கத்தில் ஒரு எண் மாறினால் வரிசை தலைகீழாகிறது. ஈஎஸ்பிஎன்னில் லீக் தொடங்கி எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் முழு பிபிஆர், யாஹூவில் என்றால் ஹாஃப். லீக்கை நடத்தும் கமிஷனரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

2025 ஆகஸ்ட் 21
ஹாஃப் பிபிஆராம், யாஹூவாம். சரி, அப்படியென்றால் நண்பர் ஏமாற்றவில்லை. நல்ல மனிதர், வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்ட் 21, மதியம்
பொசெஷன் ரிசீவர் என்றால் யார் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஐந்தாறு யார்டு ஓடி, சட்டென்று திரும்பி, பந்தைப் பிடித்து, அடி வாங்கிக் கீழே விழுந்து, முதல் டவுனை (10 யார்டு கடந்தால் கிடைக்கும் புது நான்கு முயற்சிகளை) எடுத்துக் கொடுப்பவர். பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது கோட்டின் உள்பக்கம் நிற்பார். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு நெருக்கடி வந்தால் கண் போவது இவரிடம்தான். பியர்ஸ் வேறு ரகம். 40 யார்டு ஓடிவிட்டு வானத்தைப் பார்ப்பார். 2024இல் ஒரு கேட்சுக்கு அவருடைய சராசரி 22.3 யார்டு, ராபின்சனுடையது 7.5.

கிரிக்கெட்டில் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஓவருக்கு நாலு சிங்கிள் தட்டிக்கொண்டே இருக்கும் நடுவரிசை ஆட்டக்காரர். ஒப்புமை அதோடு முடிந்தது. சிங்கிளுக்குத் தனியாக ஒரு போனஸ் ரன் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் பிபிஆர் புரிந்துவிடும். ராபின்சனின் சராசரி கேட்சில் யார்டுக்குக் கிடைப்பது 0.75 புள்ளி, பிடித்ததற்கு மட்டும் 1. போனஸ் சம்பளத்தைத் தாண்டிவிட்டது.

2025 ஆகஸ்ட் 23
இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

பொசெஷன் ரிசீவரைப் பற்றி எல்லா டிராஃப்ட் அரட்டையிலும் கேட்கும் வாக்கியம், "அவர் சேஃப். வாரா வாரம் ஏதாவது தருவார்." இந்த "ஏதாவது"வுக்கு மக்கள் ரொம்ப அதிக விலை கொடுக்கிறார்கள் என்பது என் கட்சி.

12 அணி லீக், மூன்று ரிசீவர், ஒரு ஃப்ளெக்ஸ் (ரிசீவரையோ பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கையோ வைக்கக்கூடிய இடம்). ஒரு வாரத்தில் களத்தில் இருக்கும் ரிசீவர்கள் 36க்குக் கொஞ்சம் மேல். பெஞ்சையும் சேர்த்தால் அறுபது பேர் வரை யாரோ ஒருவரிடம் இருப்பார்கள். அறுபத்தோராவது ஆளுக்கும் முழு பிபிஆரில் ஏழெட்டுப் புள்ளி வரும் வாரங்கள் உண்டு, அவர் வேவரில், அதாவது யாரும் எடுக்காதவர்கள் பட்டியலில், சும்மா கிடைக்கிறார். ராபின்சனின் 2024 சராசரி முழு பிபிஆரில் ஆட்டத்துக்கு 10.6. அவரால் நீங்கள் உண்மையில் சம்பாதிப்பது 10.6 இல்லை, சும்மா கிடைப்பவருக்கும் அவருக்கும் உள்ள இடைவெளிதான். அது இரண்டு மூன்று புள்ளி. ஹாஃபில் இன்னும் சுருங்கும்.

2024 செப்டம்பர் 26 வியாழக்கிழமை ஆட்டம் ஞாபகம் இருக்கிறது. நான் இருப்பது நியூ ஜெர்சி, சுற்றிலும் ஜயன்ட்ஸ் ரசிகர்கள், தப்பிக்க முடியாது. டல்லாஸுக்கு எதிராக ராபின்சன் 11 கேட்ச். கேட்டால் பெரிய ஆட்டம் மாதிரி இருக்கும். யார்டு 71. முழு பிபிஆரில் 18.1, ஸ்டாண்டர்டில் 7.1. எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்தவர் ஒவ்வொரு கேட்சுக்கும் குரூப்பில் ஒரு கைதட்டல் படம் போட்டுக்கொண்டே இருந்தார். எங்களுடையது அப்போது ஸ்டாண்டர்டு லீக். காலையில் மொத்தத்தைப் பார்த்தபின் மனிதர் சத்தமே இல்லை.

2025 ஆகஸ்ட் 23, சற்றுப் பிறகு
மேலே எழுதியதற்கு ஒரு ஓரம் வைக்க வேண்டும். நான் சொன்னது நடுத்தரப் பொசெஷன் ரிசீவரைப் பற்றி. டார்கெட், அதாவது அவரை நோக்கி எறியப்படும் பந்துகளின் எண்ணிக்கை, ஒரு கட்டத்தைத் தாண்டினால் கதை வேறு.

மைக்கேல் தாமஸ், நியூ ஆர்லியன்ஸ், 2019. 185 டார்கெட், 149 கேட்ச், 1,725 யார்டு, 9 டச்டவுன். மார்வின் ஹாரிசன் 2002இல் வைத்த 143 கேட்ச் சாதனை போயே போய்விட்டது. "ஸ்லான்ட் பாய்" என்று கேலி செய்தார்கள், ஒரே குட்டிப் பாதையைத்தான் ஓடத் தெரியும் என்று. முழு பிபிஆரில் கிட்டத்தட்ட 375 புள்ளி. கேலி செய்தவர்கள் எல்லாம் அந்த வருஷம் அவருக்கு எதிராக ஆடித் தோற்றவர்களாகத்தான் இருக்கும்.

ஆகவே ஆட்டத்துக்கு ஆறு டார்கெட் ஆளும் பத்து டார்கெட் ஆளும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் ஒரே சரக்கு இல்லை. முன்னவர் வேவரில் உருவாகிக்கொண்டே இருப்பார். பின்னவருக்கு முதல் ரவுண்டு கொடுத்தாலும் தகும்.

2025 ஆகஸ்ட் 24
"கேட்ச் எல்லாம் குவார்ட்டர்பேக் கையில்தானே இருக்கிறது?" என்று ஒருவர். பாதி சரி. அதே 2019இல் தாமஸின் குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ் கட்டைவிரல் அடிபட்டு ஐந்து ஆட்டம் உட்கார்ந்தார். டெடி பிரிட்ஜ்வாட்டர் வந்தார், ஐந்திலும் ஜெயித்தார், தாமஸுக்குப் பந்து வருவது நிற்கவே இல்லை. குட்டிப் பாஸை யாரும் போடலாம் என்பதே பொசெஷன் ரிசீவரின் பெரிய பலம். ஆழமாக ஓடுகிறவருக்குக் குவார்ட்டர்பேக் மாறினால் பிழைப்பே போய்விடும்.

அடுத்த வருஷம் தாமஸை நிறுத்தியது கணுக்கால். 2020இல் 7 ஆட்டம், 40 கேட்ச், டச்டவுன் சுழி. 2021 முழுக்க ஆடவில்லை. "சேஃப்" என்ற சொல்லை எடுத்தால் எனக்கு இந்த இரண்டு வருஷமும் ஞாபகம் வரும். வாரத்துக்கு வாரம் சீராக இருப்பது வேறு, உடம்பு சீராக இருப்பது வேறு. நடுக்களத்தில் மோதித் தடுக்கும் லைன்பேக்கர்களுக்கு மத்தியில் பிழைப்பவர் வாங்கும் அடி கொஞ்சமா?

2025 ஆகஸ்ட் 24, மாலை
இதற்கு எதிர் உதாரணமும் நானே தருகிறேன், யாராவது தருவதற்குள். லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். அரிசோனாவில் பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ் அவரை ஸ்லாட்டுக்குத் தள்ளியபின் 2015இல் 109, 2016இல் 107, 2017இல் 109 கேட்ச். வயது 32, 33, 34. வேகம் போனபின்னும் பொசெஷன் ரிசீவராக மூன்று வருஷம் சம்பாதித்தார். ஆட்டக்காரரை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும் டைனஸ்டி லீக் ஆடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 30 தாண்டிய டீப் ரிசீவரை நான் தொடமாட்டேன், 30 தாண்டிய ஸ்லாட் ரிசீவரை யாராவது மலிவாக விற்றால் வாங்குவேன்.

2025 ஆகஸ்ட் 25
கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். ஃபேன்டஸி ஃபுட்பால் தொடங்கியது 1962இல். ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக்கும் கூட்டாளிகளும் நியூயார்க் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதிய விதிகள். முதல் டிராஃப்ட் 1963இல் ஓக்லாண்டில். அன்றைக்கு யார்டுக்கும் கேட்சுக்கும் காசில்லை, ஸ்கோர் போட்டால்தான் காசு.

அந்த ஓக்லாண்டில்தான் ஃப்ரெட் பிலெட்னிகாஃப் ஆடினார். மெதுவான கால், பசை தடவிய கை, எதையும் விடமாட்டார். 1977 ஜனவரியில் மின்னசோட்டாவை 32–14 என்று வென்ற சூப்பர் பௌலில் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. 4 கேட்ச், 79 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை. அவர் பந்தை எண்ட் ஜோன் வாசல் வரை கொண்டுவந்து வைப்பார், வேறு யாராவது உள்ளே போவார்கள். சொந்த ஊர் லீக்கின் விதிப்படி அந்த நாளுக்கு அவர் மதிப்பு சுழி. இன்றைய முழு பிபிஆரில் 11.9.

களத்தில் இவ்வளவு மதிப்புள்ள ஆளுக்குக் கணக்கில் ஒன்றுமில்லையே என்ற எரிச்சல்தான் பிபிஆர் பரவ ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பிபிஆர் அந்த அநியாயத்தைச் சரிசெய்கிறேன் என்று போய் இன்னொன்றைச் செய்துவிட்டது. மூன்றாவது டவுனில் 8 யார்டு தேவைப்படும்போது 3 யார்டு பாஸ் பிடித்து விழுந்தால் களத்தில் அது தோல்வி, பிபிஆரில் 1.3 புள்ளி.

2025 ஆகஸ்ட் 27
டச்டவுன் விஷயம். "பொசெஷன் ரிசீவருக்கு டச்டவுன் வராது" என்பதை எழுதி வைத்த சட்டம் மாதிரிச் சொல்கிறார்கள்.

2022இல் டியான்டே ஜான்சன் என் அணியில் இருந்தார். பிட்ஸ்பர்க். 147 டார்கெட், 86 கேட்ச், 882 யார்டு, டச்டவுன் 0. சீசன் முழுக்கச் சுழி. ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் வீட்டில் "இன்றைக்காவது?" என்று ஆரம்பிப்போம். ஃபுட்பால் பிடிக்காத என் மனைவிகூட நவம்பர் வாக்கில் அவருக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். பலிக்கவில்லை. அடுத்த வருஷம் 51 கேட்ச்தான் பிடித்தார், டச்டவுன் 5. அப்போது அவர் என்னிடம் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஜக்கோபி மேயர்ஸும் அப்படித்தான். நியூ இங்கிலாந்தில் 2020 சீசன் முழுக்க 59 கேட்ச், டச்டவுன் இல்லை. முதல் டச்டவுன் 2021 நவம்பரில்தான் வந்தது, மொத்த அணியும் எண்ட் ஜோனுக்கு ஓடிப்போய் அவர் மேல் விழுந்தது. 2021இல் 2, 2022இல் 6, 2023இல் ரெய்டர்ஸில் 8.

அந்தப் பக்கமும் பாருங்கள். ஜார்விஸ் லாண்ட்ரி 2017இல் மயாமியில் 112 கேட்ச் பிடித்து லீக்கில் முதல் இடம், யார்டு ஆயிரத்தைத் தொடவில்லை, 987. டச்டவுன் மட்டும் 9. முந்தைய வருஷம் 4தான்.

இந்த எண்கள் ஏறி இறங்கும். பந்து யாரிடம் போகிறது என்பது ஓரளவு நிலையானது, அது எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்பது அவ்வளவு நிலையில்லை. போன வருஷம் சுழி போட்டவரை இந்த வருஷம் மலிவாக வாங்குங்கள், 9 போட்டவரை அந்த விலைக்கு வாங்காதீர்கள். ராபின்சனின் 3, நூற்று நாற்பது டார்கெட்டுக்குக் குறைவுதான். உயரம் 5 அடி 8 அங்குலம் என்பதையும் மறக்க வேண்டாம், எண்ட் ஜோன் மூலையில் பந்தைத் தூக்கிப் போட்டால் அவருக்கு எட்டாது.

2025 ஆகஸ்ட் 28
கேட்டவர் திரும்ப வந்து, "கடைசியில் யார்?" என்கிறார். ஹாஃப் பிபிஆர், பின்பாதி ரவுண்டு, பெஞ்ச் ஆள் என்றால் பியர்ஸ் என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 2024 நவம்பர் வரை ராபின்சனுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்த டேனியல் ஜோன்ஸை ஜயன்ட்ஸ் விட்டுவிட்டது. இப்போது அவர்தான் கோல்ட்ஸில் பியர்ஸின் குவார்ட்டர்பேக். ஜயன்ட்ஸுக்கு வந்திருப்பது ரஸ்ஸல் வில்சன், உயரமாக வளைத்து ஆழமாகப் போடுவதில் பேர் போனவர். குட்டிப் பாஸ்காரரிடம் டீப் ரிசீவர், டீப் பாஸ்காரரிடம் குட்டி ரிசீவர். ஜாதகம் மாற்றிச் சேர்த்துவிட்டார்கள்.

கூடவே ஜயன்ட்ஸின் முதல் ரிசீவர் மலிக் நேபர்ஸ் இருக்கிறார், அவருக்கு 2024இல் 170 டார்கெட். ராபின்சன் இரண்டாமவர்தான்.

2025 ஆகஸ்ட் 29
ஃப்ளோர், அதாவது வாரா வாரம் நம்பக்கூடிய குறைந்தபட்சப் புள்ளி, மதிப்பில்லாதது என்று நான் சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படிச் சொல்லவில்லை, டிராஃப்ட் நாளில் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம் என்கிறேன். வாரத்தின் நடுவில் அது வேறு பொருள்.

திங்கள் இரவு ஆட்டம். உங்களுக்கு ஒரே ஒரு ஆள் பாக்கி, ஜெயிக்க 5 புள்ளி வேண்டும். ராபின்சன் மாதிரி ஆளைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். 19 வேண்டுமென்றால் பியர்ஸ் மாதிரி ஆள். 2024இன் முதல் வாரத்தில் ஹூஸ்டனுக்கு எதிராக மூன்றே கேட்சில் 125 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார், ஹாஃபில் 20 புள்ளி. முன்னால் இருப்பவனுக்குச் சீரான ஆள், பின்னால் இருப்பவனுக்கு வெடிக்கிற ஆள். அதனால் பெஞ்சில் இருவகையும் ஒவ்வொன்று இருப்பது நல்லது.

வெடிக்கிற ஆளின் சீசன் மொத்தத்தையும் நம்ப வேண்டாம். ஹூஸ்டனின் வில் ஃபுல்லர் 2019இல் அட்லாண்டாவுக்கு எதிராக 14 கேட்ச், 217 யார்டு, 3 டச்டவுன். அந்த சீசனில் அவர் போட்ட மொத்த டச்டவுனே அந்த 3தான். அன்று அவர் உங்கள் பெஞ்சில் இருந்திருந்தால் மீதி சீசனில் என்ன மிச்சம்?

2025 செப்டம்பர் 1
டிராஃப்ட் முடிந்ததாம். பியர்ஸை வேறொருவர் கொண்டுபோய்விட்டார், ராபின்சன் கிடைத்தார். கொண்டுபோனது யார்? அதே பக்கத்து சீட் நண்பர். "நல்ல மனிதர்" என்று நான் கொடுத்த சான்றிதழை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

2025 செப்டம்பர் 15
டல்லாஸில் நேற்று நடந்ததைப் பற்றி இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது. வில்சன் 450 யார்டு எறிந்தார், ஜயன்ட்ஸ் 40–37 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது, ராபின்சன் 8 கேட்ச், 142 யார்டு, ஒரு டச்டவுன். ஹாஃபில் 24.2. கேட்சுக்குப் பதினேழே முக்கால் யார்டு. இது பொசெஷன் ரிசீவர் கணக்கே இல்லை.

விற்கலாமா என்கிறீர்கள். 2023இல் கரோலினாவின் ஆடம் தீலன் முதல் ஆறு வாரத்தில் 4 டச்டவுன் போட்டு எல்லோரையும் கிறங்கடித்தார். சீசன் முடிவில் 103 கேட்ச், 1,014 யார்டு, டச்டவுன் அதே 4. அணி 2–15. தோற்றுக்கொண்டே இருக்கும் அணி பாஸ் போட்டுக்கொண்டே இருக்கும், அதனால் கேட்ச் எண்ணிக்கை ஏறும். ஆனால் எண்ட் ஜோன் பக்கம் போகவே போகாது. எங்கள் லீக்கில் ஒருவர் ஏழாவது வார ஓய்வில் தீலனை விற்றார். வாங்கியவர் முன்னால் அந்தப் பேச்சை இன்றும் எடுக்க முடியாது.

நல்ல ரன்னிங் பேக் கிடைத்தால் விற்கலாம், கிடைக்காவிட்டால் அவசரம் இல்லை.

2025 செப்டம்பர் 30
நேபர்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது, சீசன் முடிந்தது. குவார்ட்டர்பேக்கும் மாறிவிட்டார், இப்போது புதுப் பையன் ஜேக்சன் டார்ட். இரண்டாம் இடத்து ரிசீவர் முதல் இடத்துக்கு வருகிறார், ஆறு டார்கெட் ஆள் ஒன்பதோ பத்தோ டார்கெட் ஆள் ஆகலாம். எதிரணியின் சிறந்த தடுப்பாளரும் இனி இவர் பக்கம்தான் வருவார், அதையும் கணக்கில் வையுங்கள்.

நண்பர் பியர்ஸைக் கொடுத்து ராபின்சனைக் கேட்கிறாராமே. அதற்கு மேல் ஒரு ரன்னிங் பேக்கும் சேர்த்துக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அவரே இதைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வணக்கம் சார்.